பாட்டுக்கு ஆடும் நாய்... அடித்துப் பழக்குகிறார்களா?

‘‘வெளிநாட்டில் ஒரு பெண் பாட்டுக்கு ஆட, கூடவே நாயும் ஆடுகிற வீடியோவை என் மகள் செல்போனில் பார்த்தாள். ஏழாவது படிக்கிறாள். எங்கள் வீட்டு நாய்க்கும் (நாட்டு நாய், இரண்டு வயது) கற்றுக்கொடுக்கிறேன் என்று முன்னங்கால் இரண்டையும் பிடித்துத் தூக்கி ஆட வைத்தாள். மூன்றாம் நாள் கையைக் கவ்விவிட்டது. ரத்தம் வரவில்லை, பல் பதிந்த தடம் மட்டும் இருக்கிறது. ‘கடிக்கப் பழகிவிட்டது, எங்காவது கொண்டுபோய் விட்டுவிட்டு வா’ என்கிறார் என் மாமனார். ‘அந்த நாய்களையெல்லாம் அடித்துத்தான் பழக்கியிருப்பார்கள், பாவம்’ என்கிறார் மாமியார். மகள் சரியாகச் சாப்பிடாமல் அழுதுகொண்டிருக்கிறாள். என்ன செய்வது?’’
- வாசகி ஒருவர், திண்டுக்கல் மாவட்டம்.

முதலில் சிறுமியின் கை. நாய் நடனத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

இதழ் அச்சாகி வரும்வரை காத்திருக்கக்கூடிய விஷயம் இல்லை என்பதால், கடிதம் கிடைத்த அன்றே இந்த வாசகிக்குப் போனில் தகவல் சொல்லப்பட்டது. சிறுமியை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப்போய் ஊசியும் போட்டுவிட்டார்கள். இதே நிலைமை எந்த வீட்டிலும் வரக்கூடும் என்பதால் விவரம் இங்கே.

‘ரத்தம் வரவில்லை’ என்று பலரும் சும்மா இருந்துவிடுகிறார்கள். துணி மூடாத தோலில் பல் பதிந்தாலோ, லேசாகக் கீறினாலோ, ரத்தம் வராவிட்டாலும் தடுப்பூசி போட வேண்டும் என்பதுதான் உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல். வெறிநோய்க் கிருமி நாயின் எச்சிலில் வருகிறது. கண்ணுக்குத் தெரியாத சிராய்ப்பு இருந்தாலே அதற்குப் போதும். நோய் வெளிப்பட்டுவிட்டால் பிழைப்பது மிக மிக அரிது. எனவே, கடிபட்டவுடன் குழாயைத் திறந்துவிட்டு, சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவ வேண்டும். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்த்தூள் எதையும் வைக்கக் கூடாது. அரசு மருத்துவமனையில் ஊசி இலவசம். தோலில் போடும் முறையில் முதல் நாள், 3-ம் நாள், 7-ம் நாள், 28-ம் நாள் என நான்கு தடவை போட வேண்டும். காயம் ஆழமாக இருந்து ரத்தம் வந்திருந்தால், அதோடு காயத்தைச் சுற்றி இன்னொரு மருந்தும் போடுவார்கள். ‘பள்ளிக்கூடம் இருக்கிறது, களையெடுப்பு இருக்கிறது’ என்று நடுவில் ஒரு ஊசியை விட்டுவிடக் கூடாது.

அடுத்து, நாயைக் கொண்டுபோய் விடும் யோசனை. பெரியவர் பேத்தி மேல் உள்ள அக்கறையில்தான் சொல்கிறார். ஆனால், இந்த நேரத்தில் செய்யவே கூடாத காரியம் அதுதான். கடித்த நாயைக் கட்டிவைத்து, தண்ணீரும் சாப்பாடும் கொடுத்து 10 நாள் கவனிக்க வேண்டும். கடித்தபோது எச்சிலில் வெறிநோய்க் கிருமி இருந்திருந்தால், அந்தப் பத்து நாளுக்குள் நாய் நோய் கண்டு இறந்துவிடும். பத்து நாள் தாண்டியும் நன்றாகச் சாப்பிட்டு நடமாடினால், அந்தக் கடியால் வெறிநோய் ஆபத்து இல்லை என்று அர்த்தம். மிச்ச ஊசிகள் குறித்து மருத்துவர் முடிவெடுப்பதற்கும் இந்தத் தகவல் தேவை. நாயை பக்கத்து ஊர் ரோட்டில் இறக்கிவிட்டு வந்துவிட்டால், அந்தத் தகவலையும் சேர்த்துத் தொலைத்துவிட்டு வருகிறோம். தவிர, வளர்த்த பிராணியைப் பட்டினி கிடக்கும்படி கைவிடுவது, 1960-ம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் 11-வது பிரிவில் குற்றம்.

நாய் கடிக்கப் பழகிவிட்டதா? வாசகி எழுதியதையே இன்னொரு முறை படித்துப் பார்த்தால் பதில் கிடைக்கிறது. முன்னங்காலைப் பிடித்துத் தூக்கியிருக்கிறாள். இரண்டு நாள் பொறுத்துக்கொண்டிருக்கிறது. மூன்றாம் நாள் கவ்வியிருக்கிறது. அதுவும் ரத்தம் வராத அளவுக்கு. பெரும்பாலான நாய்களுக்குக் கால் பாதத்தைப் பிடித்தாலே பிடிக்காது. அதிலும் உடம்பின் பாரம் முழுவதும் பின்னங்காலில் விழும்படி தூக்கினால் இடுப்பும் முதுகும் வலிக்கும், தடுமாறும், விலகி ஓடவும் முடியாது. அந்த இரண்டு நாளும் நாய் சும்மா இருந்திருக்காது. தலையைத் திருப்பியிருக்கும், காரணமில்லாமல் கொட்டாவி விட்டிருக்கும், நாக்கால் மூக்கை நக்கியிருக்கும், காதைப் பின்னால் மடக்கியிருக்கும், கண்ணின் வெள்ளை தெரிய ஓரமாகப் பார்த்திருக்கும், வாலை இடுக்கியிருக்கும். இதெல்லாம் ‘வேண்டாம்’ என்பதற்கு நாய் வைத்திருக்கும் வார்த்தைகள். அதற்கும் விடவில்லை என்றால் உறுமும். உறுமும்போது அடித்தால், அடுத்த தடவை உறுமாமல் நேராகக் கடிக்கும். உறுமுகிற நாய் நமக்கு எச்சரிக்கை கொடுக்கிறது. அதை அடக்கிவிடக் கூடாது.

இனி, மாமியாரின் சந்தேகம். அது நியாயமான சந்தேகம். ஆட்டம் காட்டும் விலங்கு என்றாலே அடியும் சூடும் நினைவுக்கு வரும்படிதான் நம் நாட்டு வரலாறு இருக்கிறது. வட மாநிலங்களில் கரடியை ஆடவைத்துப் பிழைத்த கலந்தர் சமூகத்தார், குட்டியிலேயே அதன் மூக்குப் பகுதியைப் பழுக்கக் காய்ச்சிய கம்பியால் துளைத்துக் கயிறு கோப்பார்கள், பல்லைத் தட்டிவிடுவார்கள். கயிற்றை இழுத்தால் வலி தாங்காமல் கரடி எழுந்து நிற்கும். பார்ப்பவர்களுக்கு அது நடனம். 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகும் இது தொடர்ந்தது. கரடிகளை மீட்டு, அந்தக் குடும்பங்களுக்கு வேறு தொழிலும் ஏற்படுத்திக் கொடுத்த பிறகுதான், 2009-ம் ஆண்டில் கடைசி ஆட்டக் கரடியும் ஒப்படைக்கப்பட்டது.

அந்த வீடியோவில் இருக்கும் நாயின் கதை வேறு. அது தெருவில் காசுக்குக் காட்டும் வித்தை இல்லை. வீட்டு நாயும் அதன் சொந்தக்காரரும் சேர்ந்து விளையாடும் ஒரு போட்டி விளையாட்டு. இங்கிலாந்து, கனடா, அமெரிக்கா, நெதர்லாந்து ஆகிய நாடுகளில் 1980-களின் கடைசியிலும் 1990-களின் தொடக்கத்திலும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் தொடங்கியது. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் 1991-ல் இதற்கென ஒரு சங்கமே அமைத்தார்கள். நாய்க்கு ‘உட்கார், நில், கூட வா’ என்று கீழ்ப்படிதல் பழக்கிக்கொண்டிருந்தவர்களுக்கு, அந்தப் பயிற்சி ராணுவ அணிவகுப்பு போல சலித்துப்போனது. குதிரையேற்றத்தில் இசைக்கு ஏற்பக் குதிரையை நடக்கவைக்கும் ஒரு பிரிவு ஏற்கெனவே இருந்தது. 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் அது இடம்பெற்றது. ‘குதிரைக்கு முடிந்தால் நாய்க்கு முடியாதா’ என்ற யோசனையில் பிறந்ததுதான் இது. இங்கிலாந்தில் மேரி ரே என்ற பயிற்சியாளர், ‘கிரஃப்ட்ஸ்’ என்ற புகழ்பெற்ற நாய்க் கண்காட்சியில் வருடம்தோறும் ஆடிக்காட்டி இதைப் பிரபலப்படுத்தினார். அட்டிலா சுகாலக் என்பவர், சார்லி சாப்ளின் மாதிரி வேஷம் கட்டி ‘ஃப்ளை’ என்ற தன் நாயோடு ஆடியதை இன்றும் தேடிப் பார்க்கிறார்கள்.

இங்கிலாந்துப் போட்டிகளில் இரண்டு பிரிவுகள். ஒன்றில், ஆட்டத்தின் மூன்றில் இரண்டு பங்கு நேரமாவது நாய் ஆளை ஒட்டியே நடக்க வேண்டும். இடப்பக்கம், வலப்பக்கம், முன்னால் குறுக்காக, பின்னால் குறுக்காக, முன்னோக்கி, பின்னோக்கி என அதற்கு நிலைகள் உண்டு. இன்னொன்றில் ஒட்டி நடப்பது மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போகக் கூடாது. மற்றபடி சுற்றலாம், உருளலாம், தாண்டலாம், கால்களுக்கு இடையில் நுழைந்து வரலாம். ஓர் ஆட்டம் நான்கு நிமிடத்தைத் தாண்டாது. என்னென்ன அசைவுகள், எவ்வளவு துல்லியம், பாட்டுக்கு எவ்வளவு பொருத்தம் என்று மூன்று வகையில் மதிப்பெண். பெரிய போட்டிகளில் கழுத்துக் கயிறும் கிடையாது, கையில் தின்பண்டமும் கிடையாது. அடித்து வளர்த்த நாயாக இருந்தால், கயிறில்லாத அந்தத் திறந்த மைதானத்தில் வாலை இடுக்கிக்கொண்டு ஓரம் பார்த்து ஓடிவிடும். மாமியாருக்கு அந்த வீடியோவை மறுபடியும் போட்டுக் காட்டி, நாயின் வாலையும் காதையும் மட்டும் கவனிக்கச் சொல்லுங்கள். ஆடு மாடு வளர்த்தவர்களுக்கு அது போதும்.

இன்னொரு விஷயம், இந்த ஆட்டத்தில் அதிகம் தென்படும் ‘பார்டர் கோலி’ நாய் ஒரு ஆட்டுக்காரர் வீட்டு நாய். இங்கிலாந்து, ஸ்காட்லாந்து எல்லைப்புற மேய்ச்சல் மலைகளில் செம்மறி ஓட்டுவதற்காகத் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்து வளர்க்கப்பட்டது. மேய்ப்பவர் அடிவாரத்தில் நின்று ஒரு சீழ்க்கை அடித்தால், மேலே இருக்கும் நாய் மந்தையை வலம் சுற்றும். வேறு சீழ்க்கைக்கு இடம் சுற்றும். இன்னொன்றுக்கு அப்படியே படுத்துவிடும். ஆளின் கையையும் குரலையும் விட்டுக் கவனம் போகாது. ஆட்டைச் சுற்றிவந்த அதே நாய்தான் இப்போது ஆளைச் சுற்றிவருகிறது. ஏர் பிடித்தவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது. பழகிய மாட்டுக்கு சாலின் முனையில் குரல் கொடுத்தால் போதும், தானாகத் திரும்பும். புதுக் காளையை நேரடியாக அடித்து நுகத்தில் பூட்டியவருக்கும், பழைய மாட்டோடு சேர்த்துக் கட்டிப் பொறுமையாகப் பழக்கியவருக்கும் உள்ள வித்தியாசத்தையும் அவர்கள் அறிவார்கள்.

சரி, நாய்க்குத் தாளம் தெரியுமா? தெரியாது. ஆள் கொடுக்கும் சைகைகளை அது வரிசையாகச் செய்துகொண்டு போகிறது, அவ்வளவுதான். அந்த நாயின் இயல்பான நடைவேகத்தைப் பார்த்து, அதற்கு ஒத்துவரும் பாட்டை மனிதர்கள்தான் தேடிப் பிடிக்கிறார்கள். தாளத்துக்குத் தானாகத் தலையாட்டும் திறமை சில பறவைகளுக்கு உண்டு. அமெரிக்காவில் ‘ஸ்னோபால்’ என்ற வெள்ளைக் கொண்டைக் கிளி, பாட்டின் வேகத்தைக் கூட்டிக் குறைத்தாலும் அதற்கேற்பத் தன் ஆட்டத்தை மாற்றிக்கொள்வதை 2009-ல் விஞ்ஞானிகள் பதிவுசெய்திருக்கிறார்கள். நாய்க்கு அந்த ஞானம் கிடையாது. தன் ஆள் சிரித்த முகத்தோடு தன்னையே பார்த்துக்கொண்டிருப்பதுதான் அதற்குச் சந்தோஷம்.

விலை உயர்ந்த ஜாதி நாய்தான் ஆடும் என்பதும் இல்லை. இங்கிலாந்துத் தொலைக்காட்சியில் ‘பிரிட்டன்ஸ் காட் டேலன்ட்’ என்ற திறமைப் போட்டி மிகப் பிரபலம். 2012-ல் அதில் பட்டம் வென்றது ஆஷ்லி பட்லர் என்ற 17 வயதுப் பெண்ணும், ‘பட்ஸி’ என்ற அவரது கலப்பின நாயும். பரிசு 5 லட்சம் பவுண்டு. இதைவிட யோசிக்கவைப்பது 2015-ல் நடந்தது. அந்த வருடம் ஜூல்ஸ் ஓட்வயர் என்ற பெண், ‘மட்டீஸ்’ என்ற நாயோடு ஆடி வென்றார். ஆனால், ஆட்டத்தின் நடுவே உயரத்தில் கட்டிய கயிற்றின் மேல் நடந்தது மட்டீஸ் இல்லை, அவரது இன்னொரு நாயான ‘சேஸ்’. மட்டீஸுக்கு உயரம் பிடிக்காது என்பதால் ஆள் மாற்றியதாகப் பிறகு சொன்னார். பார்வையாளர்களிடம் அதைத் தெளிவாகச் சொல்லாமல் விட்டது தவறு என்று ஏராளமான புகார்கள் போக, ஒளிபரப்புக் கண்காணிப்பு அமைப்பும் அதை விதிமீறல் என்றே முடிவுசெய்தது. மக்களிடம் மறைத்ததை நியாயப்படுத்த முடியாது. ஆனாலும், 5 லட்சம் இல்லை, அதில் பாதிப் பரிசு என்றாலும், ‘ஏறு’ என்று பயந்த நாயைக் கயிற்றில் ஏற்றிவிடுகிறவர்கள் உலகத்தில் அதிகம். அந்த ஒரு விஷயத்தில் அந்தப் பெண் நாயின் பக்கம் நின்றார்.

இனி, திண்டுக்கல் சிறுமி என்ன செய்யலாம்? பத்து நாள் கவனிப்பு முடிந்து, நாய்க்கு வெறிநோய்த் தடுப்பூசியும் போட்ட பிறகு, தாராளமாகக் கற்றுக்கொடுக்கலாம். கையால் பிடிக்காமல் கற்றுக்கொடுக்க வேண்டும். முதல் சில வாரங்கள் பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும்.

இந்த முறையின் பின்னணி சுவாரஸ்யமானது. ஹவாய்த் தீவில் 1960-களில் டால்பின்களுக்கு வித்தை பழக்கிய கேரன் பிரையர் என்ற அமெரிக்கப் பெண், பிறகு நாய் வளர்ப்போருக்கு எழுதிய புத்தகங்களால் இது வீடுகளுக்குப் பரவியது. டால்பினுக்குக் கயிறு கட்ட முடியாது. அடிக்கவும் முடியாது, நீந்திப் போய்விடும். அதனால், சரியாகச் செய்த அந்த நொடியில் ஒரு விசில், உடனே ஒரு மீன் என்று பழக்கினார்கள். நாய்க்கு விசிலுக்குப் பதில் ‘டக்’ என்று சத்தமிடும் சின்னக் கருவி. கடையில் வாங்க வேண்டியதில்லை, பட்டன் பேனாவை அமுக்கினாலும் அந்தச் சத்தம் வரும். நாக்கை மேலண்ணத்தில் வைத்துச் சொடுக்கினாலும் போதும். முதல் இரண்டு நாள் வேறு எதுவும் வேண்டாம். ‘டக்’ ஒன்று, உடனே ஒரு வறுத்த வேர்க்கடலை. இப்படிப் பத்துப் பதினைந்து தடவை. சத்தம் கேட்டதும் நாய் கையைப் பார்க்கத் தொடங்கினால், பாடம் புரிந்துவிட்டது.

பிறகு ‘சுற்று’. நாய் நின்றுகொண்டிருக்கும்போது வேர்க்கடலையை அதன் மூக்குக்கு நேரே பிடித்து, மெதுவாக வட்டமாக இழுக்க வேண்டும். மூக்கு போகிற பக்கம் உடம்பும் போகும். கால் வட்டம் திரும்பினாலே முதலில் ‘டக்’, கடலை. அடுத்து அரை வட்டம், பிறகு முழு வட்டம். வெறுங்கையைக் காட்டினாலே சுற்றும் நிலை வந்த பிறகுதான் ‘சுற்று’ என்ற சொல்லைச் சேர்க்க வேண்டும். சொல்லை முதல் நாளே கத்திக்கொண்டிருந்தால் அதற்கு அர்த்தம் புரியாது. இதேபோல, சிறுமி ஒரு காலை முன்வைத்து நின்று, கடலையைக் கால்களுக்கு நடுவே காட்டினால் நாய் நுழைந்து வரும். அடுத்த காலை வைத்தால் மறுபடி நுழையும். நடந்துகொண்டே செய்தால் வீடியோவில் பார்த்தது அதுதான்.

‘வணக்கம்’ சொல்ல வைப்பதற்கு எதையும் காட்டக்கூட வேண்டாம். காலையில் தூங்கி எழும் நாய், முன்னங்காலை நீட்டி, நெஞ்சைத் தாழ்த்தி, பின்பக்கத்தைத் தூக்கிச் சோம்பல் முறிக்கும். அந்த நொடியில் ‘டக்’ சத்தமும் கடலையும் கிடைத்தால், சில நாள்களில் அதைத் தானாகவே செய்துகாட்டிக் கடலை கேட்கும். இப்படி நாய் தானாகச் செய்வதைப் பிடித்துப் பழக்குவதில் குழந்தைகள் பெரியவர்களை மிஞ்சிவிடுவார்கள். அவர்களுக்குத்தான் நாயைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்கப் பொறுமை இருக்கிறது.

ஒரு தடவைக்கு மூன்று முதல் ஐந்து நிமிடம். நாளுக்கு இரண்டு தடவை. காலை வெயில் ஏறுவதற்கு முன், மாலை வெயில் தாழ்ந்த பின். தார் ரோட்டிலும் சிமென்ட் களத்திலும் மத்தியானம் வேண்டவே வேண்டாம். சாப்பாட்டுக்கு முன்னால் பழக்கினால் ஆர்வம் இருக்கும். தின்பண்டம் சுண்டுவிரல் நகத்தில் பாதி அளவுதான். உப்பில்லாத வறுத்த வேர்க்கடலை, அவித்த முட்டை, எலும்பில்லாத வெந்த கோழிக்கறி போதும். வெங்காயம், பூண்டு, திராட்சை, சாக்லேட் நாய்க்கு விஷம். குழந்தைகளிடம் இதை அழுத்திச் சொல்ல வேண்டும். நாய் எழுந்து போய்விட்டால், அன்றைய வகுப்பு முடிந்தது. கூப்பிட்டுத் திட்டக் கூடாது.

இரண்டு காலில் நிற்பதை விட்டுவிடுவது நல்லது. சின்ன உடம்புக்கார நாய்கள் சில தானாகவே எழுந்து நிற்கும். அதைப் பார்த்துக் கனமான நாயையும் நீள முதுகு நாயையும் நிற்கவைத்தால் மூட்டும் முதுகெலும்பும் கெடும். ஒரு வயது ஆகாத குட்டிகளுக்கு எலும்பின் வளரும் பகுதி மூடியிருக்காது. அவற்றைத் தாண்டவும் வைக்கக் கூடாது.

இதனால் காட்டுக்கு என்ன லாபம் என்று மாமனார் கேட்கலாம். கூப்பிட்டால் உடனே வருவதும், ‘விடு’ என்றால் வாயில் கவ்வியதைப் போடுவதும் இந்த விளையாட்டின் அரிச்சுவடி. எலிக்கு சிங்க் பாஸ்பைடு வைத்த வயலிலும், மருந்தடித்த தோட்டத்திலும் சுற்றும் நாயின் உயிர் அந்த இரண்டு சொற்களில் இருக்கிறது. விஷம் தின்று நுரை தள்ளிய நாய்களைத் தூக்கிக்கொண்டு கால்நடை மருந்தகத்துக்கு ஓடுகிறவர்கள் ஒவ்வொரு பட்டத்திலும் உண்டு. பெரும்பாலும் நேரம் கடந்துவிடுகிறது.

‘‘சிப்பிப்பாறை நாய் வளர்க்கிறோம். ஓட்டத்தில் கெட்டி. ஆனால், எது கற்றுக்கொடுத்தாலும் இரண்டு தடவை செய்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. புத்தி மட்டா?’’
- வாசகர் ஒருவர், விருதுநகர் மாவட்டம்.

புத்தியில் குறையில்லை. அது வளர்க்கப்பட்ட வேலை வேறு. சிப்பிப்பாறை, கன்னி போன்றவை தூரத்தில் அசைவதைக் கண்ணால் கண்டு விரட்டும் வேட்டை நாய்கள். முயல் ஓடும்போது ஆளின் உத்தரவைக் கேட்டு நின்றால் வேட்டை நடக்காது. தானாக முடிவெடுக்கும் நாயைத்தான் நம் முன்னோர் தேர்ந்து வைத்தார்கள். ஆளின் கையையே பார்த்துக்கொண்டிருக்கும் பார்டர் கோலியோடு அதை ஒப்பிடுவது, நெல்லையும் துவரையையும் ஒரே மாதிரி தண்ணீர் கட்டிப் பார்ப்பது போல.

இரண்டு தடவை செய்கிறதா? இரண்டோடு நிறுத்துங்கள். மூன்றாவது தடவை அது முகத்தைத் திருப்பும் முன்பே நீங்கள் முடித்துவிட வேண்டும். கடலைக்கு மசியாவிட்டால், துணி கட்டிய குச்சியை இழுத்து ஓடவிட்டு, துரத்துவதையே பரிசாகக் கொடுங்கள். பெரிய வட்டமாகச் சுற்றி வருவது, தூரத்திலிருந்து பாய்ந்து வந்து நிற்பது போன்றவை இதற்கு எளிதாக வரும். ஒட்டி நடப்பது கடைசியாக வரட்டும். வராமலே போனாலும் நஷ்டமில்லை. முயல் வேட்டைக்கு அழைத்துப் போனால் வனத்துறை வழக்குப் போடும் இந்தக் காலத்தில், இந்த நாய்களுக்கு ஓடவும் யோசிக்கவும் ஏதாவது வேலை கொடுக்காவிட்டால் கோழியைத் துரத்தும், கட்டிலைக் கடிக்கும். அதற்காக நாள் முழுக்கச் சங்கிலியில் போடுவது இன்னும் மோசம். மிகக் குட்டையான, கனமான சங்கிலியில் நியாயமில்லாத நேரம் கட்டிப்போடுவதும் மேலே சொன்ன அதே 11-வது பிரிவில் குற்றம்தான்.

‘‘எங்கள் நாய் பாட்டுக்கு ஆடும். திருவிழாவில் மேடை போட்டு, டிக்கெட் வைத்து ஆடவைக்கலாம் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். சட்டப்படி சரியா?’’
- வாசகர் ஒருவர், ஈரோடு மாவட்டம்.

வீட்டு வாசலில், பள்ளி விழாவில் ஆசைக்கு ஆடிக்காட்டுவது வேறு. டிக்கெட் விற்று மக்களை அனுமதிக்கும் காட்சி என்றால், விலங்கையும் அதைப் பழக்குபவரையும் இந்திய விலங்குகள் நல வாரியத்தில் பதிவுசெய்ய வேண்டும். 2001-ம் ஆண்டு விதிகள் இதற்கென்றே இருக்கின்றன. பதிவில்லாமல் நடத்தினால் தண்டனை உண்டு. கரடி, குரங்கு, புலி, சிறுத்தை, சிங்கம் ஆகியவற்றைக் காட்சிக்குப் பழக்குவதற்கே தடை. நாய்க்கு அந்தத் தடை இல்லை. பதிவு மட்டும் கட்டாயம்.

இந்தச் சட்டத்துக்கும் நடனத்துக்கும் ஒரு தொடர்பு உண்டு. சென்னையில் கலாக்ஷேத்ராவை உருவாக்கிய பரதநாட்டியக் கலைஞர் ருக்மிணி தேவி அருண்டேல், 1952-ல் மாநிலங்களவை நியமன உறுப்பினரானார். விலங்குகளை வதைப்பதைத் தடுக்கத் தனிநபர் மசோதா ஒன்றைக் கொண்டுவந்தார். அரசே சட்டம் கொண்டுவரும் என்று பிரதமர் நேரு உறுதி கொடுத்ததால் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். அப்படி வந்ததுதான் 1960-ம் ஆண்டு சட்டம். அதன்கீழ் 1962-ல் அமைந்த விலங்குகள் நல வாரியத்தின் முதல் தலைவரும் அவர்தான்.

கூட்டம், வெடி, ஒலிபெருக்கி இருக்கும் திருவிழா மேடை, டிக்கெட் இல்லாவிட்டாலும் நாய்க்கு ஏற்ற இடம் இல்லை. நம் காதைவிட நாயின் காது பல மடங்கு கூர்மை. அந்த இரைச்சலில் மிரண்டு கூட்டத்துக்குள் பாய்ந்தால், யாரையாவது கடித்தால், பொறுப்பு உங்களுடையது. நண்பர்கள் வீட்டுக்குப் போய்விடுவார்கள்.

‘‘எட்டு வயது நாய். இனிமேல் பழகுமா?’’
- வாசகி ஒருவர், தஞ்சாவூர் மாவட்டம்.

பழகும். சுற்றுவது, ‘வணக்கம்’, கையை மூக்கால் தொடுவது போன்றவை போதும். வழுக்கும் டைல்ஸ் தரை வேண்டாம், மண் தரை நல்லது. ஒரே பக்கமாகச் சுற்றவைக்காமல் இரண்டு பக்கமும் மாற்றிச் சுற்றவிடுங்கள். எழும்போது முனகினாலோ, ஒரு காலைத் தாங்கி நடந்தாலோ, நேற்றுவரை செய்ததை இன்று மறுத்தாலோ பயிற்சியை நிறுத்திவிட்டுக் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். போகும்போது தடுப்பூசி அட்டையையும் எடுத்துப் போங்கள். போன வருடம் ஊசி போட்ட தேதி அதில் இல்லை என்றால், அன்றைக்கே அதையும் போட்டுக்கொண்டு வந்துவிடலாம்.